ரோட்ஸ்டர் ஹார்ட்டொப் ஒழுகுகிறது: ரப்பரை மாற்றினால் போதுமா?

கோணமலையான் | நவம்பர் 9

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6. வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே கார்தான். மாமா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. அவர் போன பிறகு மாமி சாவியைக் கையில் தந்து, "அவர் துடைச்ச மாதிரி நீயும் துடை, வித்துப் போடாதே" என்று மட்டும் சொன்னார். மூன்று வருடமாகத் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது.

மடக்கும் துணிக் கூரை, அதுதான் ஹூட், கிழிந்து பல காலம். அதனால் வருடம் முழுக்க ஹார்ட்டொப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரைதான் மேலே. வாடைமழை தொடங்கியதிலிருந்து உள்ளே தண்ணீர். ஓட்டும்போது வலது தோளில் சொட்டுகிறது. காலையில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டை அமுக்கினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வருகிறது. போன வருடம் ஒரு கராஜில் கொடுத்தேன். கூரை ஓரம் முழுவதும் சிலிக்கன் பூசித் தந்தார்கள். ஒரு மழைக்குத் தாங்கியது. இப்போது அது தோல் உரிகிற மாதிரி உரிகிறது, ஒழுக்கு முன்னைவிட மோசம்.

ஜப்பானில் இருந்து ரப்பர் பீடிங் முழு செட்டும் எடுப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். விலை கொஞ்சமில்லை. முழுவதும் மாற்ற வேண்டுமா, முன்பக்கம் மட்டும் போதுமா? இன்னொன்று: வலது பக்கத்து லொக் உள்ளங்கையால் அடித்தால்தான் பூட்டுகிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

உப்பங்காற்று | நவம்பர் 9

தம்பி, காசை எடுத்து வைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள். நான் உப்புவெளியில் இருக்கிறேன். என்னுடையது இரண்டாம் தலைமுறை, 1999. இரண்டு தலைமுறைக்கும் கூரை ஒன்றுக்கொன்று பொருந்தும், அதனால் நான் பட்டது உங்களுக்கும் உதவும்.

நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு தண்ணீர். தோளில் சொட்டுவது மேலே இருந்து வருவது: கூரை ரப்பர், அல்லது கதவுக் கண்ணாடி அந்த ரப்பரில் சரியாகப் படியாதது. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஊறுவது பெரும்பாலும் கூரையின் குற்றமே இல்லை. துணி ஹூட்டின் அடியில், சீட்டுக்குப் பின் இரண்டு மூலையிலும் தண்ணீர் இறங்கும் ஓட்டை இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாகப் பின்சில்லுக்குச் சற்று முன்னால் நிலத்தில் விழ வேண்டும். அது அடைத்தால் தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். எத்தனை ஆயிரத்துக்கு ரப்பர் போட்டாலும் அந்தத் தண்ணீர் நிற்காது.

நாளைக்கே அந்த இரண்டு மூலையிலும் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே உடனே வருகிறதா, தேங்கி நிற்கிறதா?

அடைத்திருந்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையாகும், அல்லது இருந்த இடத்தை விட்டுக் கழன்று உள்ளே விழும். புல் வெட்டும் மெசினுக்குப் போடும் நைலோன் நூல் ஒரு முழம் எடுத்து, நுனியை மழுங்கச் செய்து, மெதுவாகத் திருகித் திருகி விடுங்கள்.

கோணமலையான் | நவம்பர் 11

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். இடது பக்கம் சரளமாக இறங்கியது. வலது பக்கம் ஊற்றிய தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது. நைலோன் நூல் விட்டு முக்கால் மணித்தியாலம். வந்தது என்ன தெரியுமா? கறுப்புச் சேறாக மக்கிய வேப்பிலை, நடுவே காம்பு காம்பாக. எங்கள் போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில் பெரிய வேம்பு நிற்கிறது. கடைசியில் "களக்" என்று ஒரு சத்தம், பிறகு காருக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் ஓடியது. மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கியையும் திறந்து பார்த்தேன். இந்த மொடலில் பட்டரி டிக்கிக்குள், வலது மூலையில். அதன் தட்டிலும் ஈரமும் துருவும். துடைத்து, சுரண்டி, துருத் தடுப்புப் பெயின்ற் அடித்துவிட்டேன்.

ஆனால் தோளில் சொட்டுவது அப்படியேதான் இருக்கிறது. சரி, இனி ரப்பருக்கு ஓடர் கொடுக்கலாமா?

உப்பங்காற்று | நவம்பர் 11

இன்னும் இல்லை. கடதாசிச் சோதனை செய்யுங்கள். மெல்லிய கடதாசியை இரண்டு விரல் அகலத்தில் நாடா நாடாக வெட்டி, அரை அடிக்கு ஒன்றாக ரப்பர் மேல் வைத்துக் கூரையைப் பூட்டுங்கள். கதவுக் கண்ணாடிக்கும் அப்படியே. பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கமாக வர வேண்டும். எங்கே கடதாசி வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் தண்ணீரும் வரும்.

அதன் பிறகு குழாய்த் தண்ணீர். அழுத்தம் வேண்டாம், வெறும் ஓட்டம். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவுக் கண்ணாடியின் அடி, பிறகு பக்கம், கடைசியில் முன்விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடமும் ஓடி, எங்கே நுழைந்தது என்று ஒருநாளும் தெரியாது.

கந்தளாய்_ஸ்பனர் | நவம்பர் 12

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இருபது வருடமாக ஜப்பான் வாகனங்களில் கை வைப்பவன். லொக்கைக் கழற்றுவதற்கு முன் ஒரு விசயம். ஜப்பான்காரன் போட்ட நாலுமூலை ஸ்குரூ நாங்கள் கடையில் வாங்கும் பிலிப்ஸ் ட்ரைவருக்கு உரியதல்ல. அது ஜேஐஎஸ் என்ற அவர்களின் தனி அளவு. பல ஸ்குரூத் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், பார்த்தால் தெரியும். பிலிப்ஸ் ட்ரைவரின் முனை அதில் அடிவரை இறங்காது. இறுகிய ஸ்குரூவைத் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும், தலை தேய்ந்து கிண்ணமாகிவிடும். முப்பது வருடக் காரில் பாதித் தலைகள் தேய்ந்திருப்பது இதனால்தான். ஜேஐஎஸ் ட்ரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆயுளுக்கும் உதவும்.

அடுத்தது, கதவுக்குப் பின்னால் காரின் பொடியில் இரண்டு பக்கமும் ஒரு தட்டு போல்டால் பூட்டியிருக்கும், கூரையின் பக்க லொக் அதில்தான் கொளுவும். கையால் அடித்துப் பூட்ட வேண்டியிருக்கிறது என்றால் லொக் பழுது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். அந்தத் தட்டு இடம் மாறியிருக்கலாம்.

போல்ட் இறுகியிருந்தால் ஊறு எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். திரும்பவும் விடுங்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. தயவுசெய்து கேஸ் நெருப்புக் காட்ட வேண்டாம். இந்தக் காரில் பெற்றோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால் அந்தத் தட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. நெருப்போடு வருபவர் எவராக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

நிலாவெளி_ரைடர் | நவம்பர் 12

இவ்வளவு பாடு எதற்கு? நல்ல சிலிக்கனாக வாங்கி, பழையதைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசினால் மழைக்காலம் போய்விடும். கூரையைக் கழற்றுவதும் இல்லைத்தானே.

உப்பங்காற்று | நவம்பர் 12

தம்பி, இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மனதில் வைக்க வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கனில் பெரும்பாலானது வினாகிரி மணக்கும் வகை. காயும்போது அசிற்றிக் அமிலம் வெளியே வரும். அதை உப்புக்காற்று ஊரில் இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் பூசினால் துருவுக்கு நாங்களே வழி திறந்து விடுகிறோம். அமிலமில்லாத வகையும் உண்டு. அதற்கும் வேறு பிரச்சினை: சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ற் பிடிக்காது, சின்னச் சின்னக் குழியாக விலகி நிற்கும். எந்தப் பெயின்ற் பாஸிடமும் கேட்டுப் பாருங்கள், சிலிக்கன் என்றதும் முகம் மாறும்.

எல்லாவற்றையும் விட, இந்த ரப்பர் அமுங்கி விரிய வேண்டிய சாமான். கார் பள்ளத்தில் விழும்போது கூரையும் கண்ணாடிச் சட்டமும் ஒன்றை ஒன்று உரசி அசையும். ரப்பர் அந்த அசைவோடு போகும். ஒட்டிக் காய்ந்த சிலிக்கன் போகாது, பிளக்கும். கழற்றி மாட்டத்தான் இந்தக் கூரையைச் செய்தான். அதை ஒட்டி வைப்பது என்னால் தாங்க முடியாத ஒன்று.

கோணமலையான் | நவம்பர் 16

சோதனை முடிந்தது. என் தம்பியை உள்ளே இருத்தி, டோர்ச் கொடுத்து, நான் வெளியே குழாயோடு நின்றேன். முன்விளிம்பு ரப்பரில் வலது மூலை விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது, கடதாசி அங்கே தானாகவே விழுந்தது. வலது பக்க ரப்பரிலும் பின்பாதி முழுவதும் இறுக்கமில்லை. இடது பக்கமும் பின்கண்ணாடிக்குக் கீழே போகும் நீள ரப்பரும் எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருக்கின்றன. செட் முழுவதும் வாங்கியிருந்தால் பாதிக் காசு வீண்.

பிறகு நானும் தம்பியும் கூரையைக் கழற்றினோம். 20 கிலோ அளவுதான், ஆனால் அகலம் காரணமாகத் தனியாள் வேலை இல்லை. தூக்குவதற்கு முன் பின்கண்ணாடி சூடாக்கும் வயரின் பிளக்கைக் கழற்ற நினைவிருந்தது, நல்லவேளை.

வலது தட்டில் இரண்டு போல்டில் ஒன்று மூன்று நாள் எண்ணெய்க்குப் பிறகு வந்தது. மற்றது முன்பே தலை முறிந்திருந்தது. தட்டு ஒரே போல்டில் தொங்கிக் கீழே இறங்கியிருந்திருக்கிறது. பூட்டாததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது.

மனதுக்குக் கஷ்டமானது இன்னொன்று. கூரையைக் கவிழ்த்துப் பார்த்தபோது, கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்கும் வலது முன் கொளுக்கி பூட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி மூன்று வெடிப்பு. அதில் ஒன்று வெளிப்பக்கப் பெயின்றிலும் தெரிகிறது.

கந்தளாய்_ஸ்பனர் | நவம்பர் 16

அது அதிகமாக இறுக்கியதால் வந்தது. ரப்பர் தேயத் தேய ஒழுக்கை நிறுத்துவதற்குக் கொளுக்கியைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். ரப்பர் கொடுக்க வேண்டிய பிடியை ஃபைபர் கொடுக்க வேண்டி வருகிறது. யாரோ பல வருடமாக இறுக்கியிருக்கிறார்கள்.

முறிந்த போல்டுக்கு: நடுவில் புள்ளி குத்தி, சின்ன அளவில் தொடங்கி நேராகத் துளையிட்டு, இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட் போட்டால் பாதி நேரம் தானாகவே கழன்று வரும். ட்ரில் எவ்வளவு ஆழம் போகிறது என்று பிட்டில் ரேப் சுற்றி அடையாளம் வையுங்கள். புதிய போல்டைக் கிரீஸ் தடவாமல் போடாதீர்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்டை அலுமினியத்தில் பூட்டுகிற இடம் எங்கேயும் இருந்தால் இன்னும் கவனம். உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரைந்து, போல்ட் ஒட்டிக்கொள்ளும்.

கிண்ணியா_ஃபைபர் | நவம்பர் 17

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கார்க்காரன் இல்லை, போட்காரன். வாப்பா காலத்தில் இருந்து எங்களுக்கு மீன்பிடி போட் ஃபைபர் வேலை. மகன் இந்த இழையைக் காட்டினான். உங்கள் கூரையும் கண்ணாடி நார்தான், ஆனால் போட்டைப் போலக் கையால் அடுக்கிப் பூசியதல்ல. நாரும் பிசினும் சேர்ந்த தாளை அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்திச் செய்தது. அதற்குள் அச்சில் ஒட்டாமல் இருக்கக் கலந்த மெழுகுத்தன்மை இருக்கும். நாங்கள் போட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் பிசின் இதில் சரியாகப் பிடிக்காது, ஆறு மாதத்தில் சிப்பியாகக் கழன்று வரும். எப்பொக்சிதான் போட வேண்டும்.

முறை இது. வெடிப்பு முடியும் நுனியைத் தேடி, 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு மேலே மேலே ஓடும். உட்பக்கத்தில் வெடிப்பு நெடுக வாய்க்கால் மாதிரிச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு மினுக்கம் போகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு நார்த்துணியைச் சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது என்று மூன்று அடுக்கு. வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு கொளுக்கிக்கு அடியில் ஒரு அகலமான உலோகத் தட்டு வைத்தால் பாரம் பரவும்.

மழை நாளில் வெளியில் வைத்துச் செய்யக் கூடாது. ஈரம் பட்டால் எப்பொக்சியின் மேலே வெள்ளையாகப் பிசுபிசுப்பு வரும். எங்கள் கொட்டகைக்குள் இடம் இருக்கிறது, கொண்டு வாருங்கள் தம்பி.

கோணமலையான் | நவம்பர் 17

நானா, கட்டாயம் வருகிறேன். நண்பரின் லொறியில் மெத்தை விரித்துக் கொண்டு வருவேன்.

வெள்ளவத்தை_என்ஏ | நவம்பர் 19

கொழும்பில் இருந்து. பீடிங் வாங்குவது பற்றி. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கூரையில் இருந்து கழற்றிய ரப்பர் சில நேரம் கிடைக்கும், ஆனால் அதுவும் உங்களுடையதின் வயதுதான், வாங்க வேண்டாம். மஸ்டா 2017இல் இந்த முதல் தலைமுறைக் கார்களுக்கென்று புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, நிறுத்தியிருந்த சில சாமான்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. அதனால் ஜப்பான் முகவர் மூலம் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. உங்கள் காரின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தே கேளுங்கள். வலது, இடது மாறி வந்தால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரை எப்படிக் காப்பாற்றுவது என்பதே எங்கள் வேலையாக இருந்தது. அப்போது பழகியது: பெட்டிக்குள் மடிந்து வரும் ரப்பரை உடனே பூட்டாதீர்கள். இளவெயிலில் நேராக நீட்டி ஒரு நாள் போட்டுவிடுங்கள், மடிப்பு தானாக நிமிரும்.

கோணமலையான் | டிசம்பர் 20

ஒரு மாதம் எழுதவில்லை, மன்னியுங்கள். வேலை நடந்துகொண்டிருந்தது.

நானாவின் கொட்டகையில் இரண்டு நாள். வெடிப்பை அவர் கண்ணால் தேடவில்லை, நகத்தால் தேடினார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மெதுவாக இழுத்து, "இங்கே முடியுது" என்று பென்சிலால் புள்ளி வைத்தார். நான் மூன்று என்று எண்ணியிருந்தேன், அவர் ஐந்து கண்டுபிடித்தார். கூலி கேட்டதற்குப் பிசின் காசு மட்டும் எடுத்தார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

முறிந்த போல்ட் இடப்பக்கப் பிட்டுக்கே வந்துவிட்டது. தட்டை மேலே நகர்த்திப் பூட்டியதும் பழைய லொக் இரண்டு விரலால் பூட்டுகிறது. புதிய லொக் வாங்கவில்லை.

சிலிக்கனைச் சுரண்டுவதுதான் இந்த முழு வேலையிலும் மிகப் பெரிய பாடு. பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஐந்து மாலை. பெற்றோல், தின்னர் எதற்கும் அது கரையவில்லை. உருட்டி உருட்டித்தான் எடுக்க வேண்டும்.

முன்விளிம்பு ரப்பரும் வலது பக்க ரப்பரும் போன கிழமை வந்தன. வெயிலே இல்லாததால் சமையலறை அடுப்புப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பூட்டிய பிறகு கூரை இறங்க மறுத்தது. கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. பழக்கதோசத்தில் அழுத்தப் போனேன்.

கந்தளாய்_ஸ்பனர் | டிசம்பர் 20

அழுத்தவில்லைத்தானே? புதிய ரப்பர் முழு உயரத்தில் நிற்கும். முன் கொளுக்கி இரண்டையும் சம அளவில் தளர்த்துங்கள், வலதுக்கு எத்தனை சுற்றோ இடதுக்கும் அத்தனை. இரண்டு மூன்று கிழமையில் ரப்பர் படியும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இறுக்கலாம். ரப்பருக்கு சிலிக்கன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஒயிலும் இந்த வகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

கோணமலையான் | டிசம்பர் 20

அழுத்தவில்லை அண்ணா, கை வைத்ததும் நானா ஒட்டிய இடம் நினைவுக்கு வந்தது. இரண்டு சுற்றுத் தளர்த்தினேன், பூட்டியது.

கோணமலையான் | டிசம்பர் 27

நேற்று இரவு நல்ல மழை. பன்னிரண்டு மணிக்குக் குடையோடு வெளியே போய், போர்ட்டிகோவில் இருந்து காரை மழைக்குள் தள்ளி நிறுத்தி, உள்ளே ஏறி உட்கார்ந்தேன். ஓட்டும் சீட்டில் பழைய பத்திரிகை விரித்து வைத்திருந்தேன். கூரையில் மழை விழும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்துப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், காய்ந்தபடி மொறுமொறுவென்று இருந்தது. கார்ப்பெட்டும் அப்படியே.

இன்று காலை மாமியை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டைக்குள் மான்கள் ஈரத்தோடு நின்றன. மாமி வழி முழுக்கக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு நானாவுக்குக் காட்டக் கிண்ணியாப் பக்கம் போனேன். பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது மட்டும் வலது கண்ணாடியின் மேல் மூலையில் மெல்லிய விசில் சத்தம். தண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும்.

உப்பங்காற்று | டிசம்பர் 27

படித்து எனக்கே மனம் நிறைந்துவிட்டது தம்பி. விசில் சத்தம் கண்ணாடி சற்று வெளியே சாய்ந்து நிற்பதால். கதவுத் தட்டைக் கழற்றிச் சாய்வைச் சரிசெய்யலாம். ஆனால் ரப்பர் படியும்வரை பொறுங்கள், பாதிக்கு மேல் தானாகப் போய்விடும். மூன்று கிழமைக்குப் பிறகும் இருந்தால் மட்டும் கதவில் கை வையுங்கள்.

கோணமலையான் | டிசம்பர் 27

சரி அண்ணா. கச்சான் காற்றுக் காலத்தில் கூரையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஆசை, அதற்குள் துணி ஹூட்டும் தைப்பித்துவிடுவேன். இதை எங்கே, எப்படி வைப்பது? சுவரில் சாய்த்தால் புதிய ரப்பர் நசுங்காதா?

உப்பங்காற்று | டிசம்பர் 28

நசுங்கும். ரப்பரில் பாரம் விழவே கூடாது. என் வீட்டில் போர்ட்டிகோ உத்தரத்தில் மீன்பிடிப் போட்டுக்குப் போடும் கப்பி இரண்டு பூட்டி, அகலமான பட்டியில் தொங்கவிட்டிருக்கிறேன். காரை அடியில் நிறுத்தி நேராக மேலே தூக்கலாம். உங்கள் போர்ட்டிகோ கொங்கிறீற்றா, மரமா? மரம் என்றால் உத்தரத்தைக் கறையான் அரித்திருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். தைப்பொங்கல் முடிந்த ஞாயிறு வருகிறேன். கப்பியும் கயிறும் என்னிடம் இருக்கிறது. மாமியிடம் கேட்டு நூல் சேலை இரண்டு எடுத்து வையுங்கள், போர்த்துவதற்கு.